எம்.பி. லஞ்சம் வாங்கினால் கேஸ் கிடையாதா? சிபு சோரன் கதையை வைத்து ஒரு எளிய விளக்கம்

தேர்தல் நெருங்கினால் போதும், குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோத்தகிரி மார்க்கெட் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். “எம்.பி. லஞ்சம் வாங்கினா தப்பே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சுப்பா” என்பார் ஒருத்தர். பக்கத்தில் இருப்பவர் “ஆமா, நரசிம்ம ராவ் ஜெயிலுக்குப் போனாரே, அந்தக் கேஸ்” என்பார். மூன்றாமவர், “அதெல்லாம் இப்ப மாத்திட்டாங்கண்ணே” என்று முடித்துவிட்டு டம்ளரை வைப்பார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் லஞ்சம் தப்பே இல்லை என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை, ராவ் அந்தக் கேஸில் தண்டனையை அனுபவிக்கவும் இல்லை. மாற்றியது மட்டும் உண்மை, எதை மாற்றினார்கள் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை.

இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம் ஒரே வழக்கு: 1993-ல் பிரதமர் நரசிம்ம ராவின் அரசைக் காப்பாற்ற ஓட்டுப் போடுவதற்காக, ஜார்க்கண்ட் தலைவர் சிபு சோரனும் வேறு சில எம்.பி.க்களும் பணம் வாங்கினார்கள் என்பது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு எதுவும் வேண்டாம்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கூட்டம்

உங்கள் ஊரில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் அதன் உறுப்பினர்கள். பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்தால் வண்டி வந்து எடை போட்டு எடுத்துப் போகும், மாதம் பிறந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வரும், அதைப் பார்த்துவிட்டு ஊரே திட்டும். வருஷத்துக்கு ஒருமுறை மகாசபைக் கூட்டம். அதில் ஒருத்தர் எழுந்து, “இலை ஈரமா இருக்கு, காம்பு ஜாஸ்தின்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறீங்களே, அது யார் கணக்குல போகுது?” என்று நிர்வாகத்தை நேருக்கு நேர் கேட்கிறார். மறுநாளே அவர் மேல் மானநஷ்ட வழக்குப் பாய்ந்தால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார். அதனால் சங்கம் தொடக்கத்திலேயே ஒரு விதி எழுதி வைத்துக்கொள்கிறது: கூட்டத்தில் பேசிய பேச்சுக்கும் போட்ட ஓட்டுக்கும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது.

நல்ல விதிதான். இப்போது தலைவரை மாற்ற வேண்டும் என்று ஓட்டெடுப்பு வருகிறது. தலைவருக்கு ஆள் போதவில்லை. முந்தின நாள் ராத்திரி நான்கு உறுப்பினர்கள் வீட்டுக்குக் கவர் போகிறது, காலையில் நான்கு பேரும் தலைவருக்குக் கை தூக்குகிறார்கள். விஷயம் கசிந்து போலீஸ் வரும்போது நால்வரும் அதே விதியைக் காட்டுகிறார்கள். “போட்ட ஓட்டுக்காக இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே சார்.”

ஓட்டுக்காக எங்கே இழுத்தார்கள், கவருக்காகத்தானே இழுக்கிறார்கள் என்று நீங்கள் உடனே சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எதிர்வாதத்தையும் ஒரு நிமிஷம் கேட்க வேண்டும். கவர் எதற்குக் கொடுத்தார்கள்? ஓட்டுக்கு. அப்படியானால் எப்படி ஓட்டுப் போட்டாய், ஏன் போட்டாய் என்று கேட்காமல் கவரை எப்படி விசாரிப்பது? இதற்கு இடம் கொடுத்தால் நாளைக்குத் தலைவரை எதிர்த்துக் கை தூக்கிய ஒவ்வொருத்தர் மேலும் “கவர் வாங்கினான்” என்று பொய்க் கேஸ் போடலாமே. இந்த இரண்டு வாதங்களுக்கு நடுவில்தான் நம் சட்டம் 26 வருஷம் மாட்டிக்கொண்டிருந்தது.

அரசியலமைப்பில் அந்த விதி

தேயிலைச் சங்கத்து விதியை இனி 105-வது பிரிவு என்று படியுங்கள். நாடாளுமன்றத்திலோ அதன் குழுக்களிலோ ஓர் உறுப்பினர் சொன்ன எதைப் பொறுத்தும், போட்ட எந்த ஓட்டைப் பொறுத்தும் அவர் மேல் எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது அதன் இரண்டாவது உட்பிரிவு. எம்.எல்.ஏ.க்களுக்கு இதே ஏற்பாடு 194-வது பிரிவில் இருக்கிறது. இப்படி வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்புக்குப் பெயர் விலக்குரிமை. சபைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள தனி உரிமைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் சிறப்புரிமை. செய்தித்தாளில் “உரிமை மீறல் பிரச்சினை” என்று வருவது இந்தச் சிறப்புரிமை மீறப்பட்டது என்ற புகார்தான்.

இது இங்கிலாந்திலிருந்து வந்த சமாசாரம், அதுவும் சும்மா வரவில்லை. ராஜாவை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நின்றதற்காக 1629-ல் சர் ஜான் எலியட் என்ற உறுப்பினரைப் பிடித்து லண்டன் டவரில் அடைத்தார்கள், மனிதர் 1632-ல் அங்கேயே செத்தும் போனார். 1689-ல் உரிமைகள் சட்டம் கொண்டுவந்து, சபைக்குள் பேசுவதை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஆக இது திருடனுக்குப் போட்ட வேலி கிடையாது. ஆட்சியில் இருப்பவரைக் கேள்வி கேட்கிறவருக்குப் போட்டது.

இந்தப் பாதுகாப்பு சபைக்குள் மட்டும்தான். அதே எம்.பி. ஊட்டி ஏ.டி.சி. திடலில் மேடை போட்டு ஒருத்தரைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசினால் நீங்களும் நானும் மாட்டுகிற மாதிரியே அவரும் மாட்டுவார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சபையில் பேசியதற்கும் ஓட்டுப் போட்டதற்கும் வழக்கு இல்லை. சபைக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஓட்டுப் போட்டால் என்ன என்பதைச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் 1993 வழக்கு வந்தது.

1993 ஜூலை 28

1991 தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் வீசிய அலையில் காங்கிரசும் அ.தி.மு.க.வும் 39 தொகுதிகளையும் அள்ளின. நீலகிரியிலும் காங்கிரசின் ஆர். பிரபுதான். ஆனால் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரானது சிறுபான்மை அரசை வைத்துத்தான்.

1993 ஜூலை 26 அன்று மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் அஜய் முகோபாத்யாய நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். “இந்த அரசின் மேல் சபைக்கு நம்பிக்கை இல்லை” என்று சொல்லும் தீர்மானம் அது, நிறைவேறினால் அரசு வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது மக்களவையில் இருந்தவர்கள் 528 பேர், காங்கிரசுக்கு 251. சாதாரணப் பெரும்பான்மைக்கே 14 பேர் குறைவு. இரண்டு நாள் கழித்து 28-ஆம் தேதி எண்ணிப் பார்த்தால் தீர்மானத்துக்கு ஆதரவு 251, எதிர்ப்பு 265. அரசு பிழைத்தது. எத்தனை பேர் குறைவோ சரியாக அத்தனை ஓட்டு எங்கிருந்தோ வந்திருந்தது.

எங்கிருந்து என்று 1996-ல் ஒரு புகார் போனது, சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா என்ற கட்சியின் நான்கு எம்.பி.க்களுக்கும் ஜனதா தளத்திலிருந்து பிரிந்து வந்த சிலருக்கும் ஓட்டுக்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அந்த நான்கு பேர் சிபு சோரன், சூரஜ் மண்டல், சைமன் மராண்டி, சைலேந்திர மஹதோ. ராத்திரியோடு ராத்திரியாக வாங்கியதாகச் சொல்லப்படும் பணத்தைப் பரணில் ஒளித்து வைப்பார்கள், மண்ணில் புதைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் டெல்லி நவ்ரோஜி நகரில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கிப் போட்டிருந்தார்கள்! புலனாய்வுக்காரர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்.

நால்வரில் மஹதோ அப்ரூவர் ஆனார். தானும் சேர்ந்துதான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்குப் பதிலாக மற்றவர்களைப் பற்றிய உண்மையை முழுசாகச் சொல்கிறேன் என்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுபவர்தான் அப்ரூவர். இவரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

யார் இந்தச் சிபு சோரன்?

நம் பக்கத்தில் இவர் பெயர் அதிகம் அடிபடாது. ஜார்க்கண்டில் “குருஜி” என்று சொன்னாலே போதும். 1944-ல் நெம்ரா என்ற கிராமத்தில் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். இவர் சிறுவனாக இருந்தபோதே, 1957-ல், ஆசிரியராக இருந்த அப்பாவை வட்டிக்காரர்கள் ஆள் வைத்துக் கொன்றார்கள். பழங்குடியினரின் நிலத்தை வட்டிக்குக் கடன் கொடுத்தே எழுதி வாங்கிக்கொள்வது அந்த வட்டாரத்து வழக்கம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர்கள் நிலம் எப்படிக் கைமாறியது என்று தெரிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சோரன் வளர்ந்ததும் ஆட்களைத் திரட்டி, வட்டிக்காரர் பிடித்துவைத்திருந்த நிலத்தில் இறங்கி, விளைந்து நிற்கும் நெல்லை அறுத்துக்கொண்டு போகும் போராட்டத்தை நடத்தினார். 1970-களின் தொடக்கத்தில் தோழர்களோடு சேர்ந்து ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியைத் தொடங்கினார். தனி மாநிலம் வேண்டும் என்பதே கோரிக்கை. 1980-ல் தும்கா தொகுதியிலிருந்து முதல்முறை மக்களவைக்குப் போனார்.

அப்படிப்பட்டவர் பெயர்தான் 1993 வழக்கில் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஏறுவதும் இறங்குவதுமாகவே ஓடியது. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் தனி மாநிலமானது, ஆனால் முதல் முதலமைச்சர் அவர் இல்லை. 2004-ல் மத்திய நிலக்கரி அமைச்சரானார், 1975-ல் நடந்த ஒரு கலவர வழக்கில் பிடிவாரண்டு வந்து சில வாரங்களிலேயே விலகினார், மறுபடி அமைச்சரானார். 2005 மார்ச்சில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பெரும்பான்மை இல்லாமல் பத்தே நாளில் இறங்கினார். 2006 நவம்பரில், தன் தனிச் செயலர் 1994-ல் கொலையான வழக்கில் குற்றவாளி என்று டெல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செயலருக்கு 1993 பணத்தைப் பற்றித் தெரியும், அதனால்தான் கொலை என்பது சிபிஐ தரப்பு. ஆயுள் தண்டனை. அடுத்த வருஷமே டெல்லி உயர் நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று விடுவித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. 2008-லும் 2009 கடைசியிலும் மறுபடி முதலமைச்சர். நடுவில் முதலமைச்சராக இருந்துகொண்டே தமாட் இடைத்தேர்தலில் தோற்ற கூத்தும் நடந்தது. 2025 ஆகஸ்ட் 4 அன்று டெல்லியில் காலமானபோது அவர் மாநிலங்களவை உறுப்பினர், மகன் ஹேமந்த் சோரன் முதலமைச்சர்.

இத்தனை வழக்குகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி “எல்லாத்துலயும் தப்பிச்சிட்டார்” என்று சொல்வது சுலபம். கொலை வழக்கில் விசாரணை நடந்து, சாட்சியத்தை எடைபோட்டு, விடுதலை ஆனார். ஓட்டு லஞ்ச வழக்கிலோ அவர் மேல் விசாரணையே நடக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

1998: பேரத்தைக் காப்பாற்றியவருக்குப் பாதுகாப்பு

விசாரணை ஏன் நடக்கவில்லை? உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1998 ஏப்ரல் 17 அன்று கொடுத்த தீர்ப்புதான் காரணம். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு.

105-வது பிரிவில் “ஓட்டைப் பொறுத்து” என்று இருப்பதை விரிவாகத்தான் படிக்க வேண்டும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். பணம் வாங்கியதாகச் சொல்லப்படுவது ஓட்டுக்காக, ஓட்டும் போட்டாயிற்று, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆகவே இந்த வழக்கும் ஓட்டைப் பொறுத்த வழக்குதான், வாங்கியவர்களுக்கு விலக்குரிமை உண்டு. செய்தது அருவருப்பான காரியம்தான், ஆனால் அந்தக் கோபத்தில் அரசியலமைப்பைக் குறுக்கிப் படிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இதைத்தான் டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.

வினோதம் அடுத்ததில் இருக்கிறது. அதே வழக்கில் பணம் வாங்கியதாக அஜித் சிங் என்ற எம்.பி. மேலும் குற்றச்சாட்டு இருந்தது. அவர் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ஓட்டே போடாதவருக்கு ஓட்டைப் பொறுத்த பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்? அதனால் அவருக்கு விலக்குரிமை இல்லை, வழக்கைச் சந்திக்க வேண்டியதுதான் என்றது தீர்ப்பு. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

தேயிலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கவர் வாங்கிக்கொண்டு சொன்னபடி கை தூக்கியவர் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். கவர் வாங்கிவிட்டு, மனசு உறுத்தியோ பயந்தோ கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பேரத்தில் நாணயமாக இருந்தால் பரிசு! சிறுபான்மைத் தீர்ப்பெழுதிய நீதிபதி எஸ்.சி. அகர்வாலும், அவரோடு சேர்ந்த ஏ.எஸ். ஆனந்தும் இந்த முரணைத்தான் சுட்டிக்காட்டினார்கள். லஞ்சக் குற்றம் பணத்தை வாங்கும்போதே முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஓட்டுப் போட்டாரா இல்லையா என்பது குற்றத்தோடு சேர்ந்ததில்லை என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் அன்றைக்கே ஜெயித்திருக்க வேண்டிய வாதம் அது.

சுருக்கமாக, 1998 தீர்ப்பு லஞ்சத்தைச் சரி என்று சொல்லவில்லை. லஞ்சம் வாங்கி, அதன்படி சபையில் ஓட்டும் போட்ட உறுப்பினர் மேல் மட்டும் வழக்கு நடத்தக் கதவைச் சாத்தியது. கொடுத்தவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று

அந்தத் திறந்த கதவு வழியாக ராவ் உள்ளே போனார். 2000 செப்டம்பர் 29 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் அவரையும் முன்னாள் மத்திய அமைச்சர் பூட்டா சிங்கையும் குற்றவாளிகள் என்றது, அக்டோபரில் மூன்று வருஷக் கடுங்காவல் விதித்தது. இந்தியாவில் முன்னாள் பிரதமர் ஒருவர் கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றது அதுதான் முதல்முறை. தலைப்புச் செய்தியாக வந்தது, அதனால் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

2002 மார்ச்சில் வந்த அடுத்த செய்தி அவ்வளவு பேருக்கு நினைவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. வழக்கு பெரும்பாலும் அப்ரூவர் மஹதோவின் வாக்குமூலத்தின் மேல் நின்றது, அதை நம்ப முடியவில்லை என்றார் நீதிபதி. கூட்டாளியாக இருந்தவன் சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பதில் கோர்ட்டுகள் எப்போதுமே தயங்கும், வேறு ஆதாரம் ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கீழ்க்கோர்ட் தண்டனை நினைவில் நிற்பதும் மேல்கோர்ட் விடுதலை மறந்துபோவதும் நமக்குப் புதிதில்லை. கொடைக்கானல் ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்கு ஒரு வருஷத் தண்டனை வந்தது, அன்றைக்குத் தர்மபுரியில் மூன்று மாணவிகள் பஸ்ஸோடு எரிக்கப்பட்டார்கள், அதை யாரும் மறக்க முடியாது. அதே வழக்கில் 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததைக் கொடைக்கானலிலேயே எத்தனை பேர் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

மூன்று நிலைகளைப் பிரித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விலக்குரிமை என்றால் விசாரணையே கிடையாது, வாங்கினாரா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. விடுதலை என்றால் விசாரணை நடந்தது, குற்றம் நிரூபணமாகவில்லை. தண்டனை என்றால் நிரூபணமானது, ஆனால் மேல்முறையீடு முடியும்வரை அதுவும் கடைசி வார்த்தை இல்லை. 1993 வழக்கில் சோரன் முதல் நிலை, ராவ் மூன்றாவதில் தொடங்கி இரண்டாவதில் முடிந்தவர்.

மருமகள் வழக்கு

கதை இங்கே முடிந்திருக்கும். அதே குடும்பத்திலிருந்து அடுத்த வழக்கு வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

சிபு சோரனின் மூத்த மருமகள் சீதா சோரன், அப்போது எம்.எல்.ஏ. 2012-ல் ஜார்க்கண்டிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்தல். சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்கு ஓட்டுப் போடுவதாக அவர் பணம் வாங்கினார் என்பது சிபிஐ குற்றச்சாட்டு. ஆனால் ஓட்டுப் போட்டது தன் கட்சி வேட்பாளருக்கு. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுச் சீட்டைக் கட்சிப் பிரதிநிதியிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும், அதனால் யாருக்குப் போட்டார் என்பதில் ரகசியம் இல்லை. மாமனாருக்குக் கிடைத்த விலக்குரிமை எனக்கும் உண்டு என்று கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் மறுத்தது. பணம் ஒருவரிடம், ஓட்டு இன்னொருவருக்கு என்றால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையே, பிறகு ஏது பாதுகாப்பு என்பது அதன் கணக்கு. அதாவது சொன்ன வாக்கை மீறியதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. 1998-ல் விதைத்தது இப்படி முளைத்தது.

உச்ச நீதிமன்றத்தில் இது ஏழு நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. ஐந்து பேர் சொன்னதை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும். அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அந்த அமர்வில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன எம்.எம். சுந்தரேஷும் ஒருவர். 2024 மார்ச் 4 அன்று ஏழு பேரும் ஒரே குரலில் 1998 பெரும்பான்மைத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள்.

லஞ்சத்தை வாங்கும்போதே, வாங்க ஒப்புக்கொள்ளும்போதே குற்றம் முழுமையாகிவிடுகிறது என்றது தீர்ப்பு. அதன்படி ஓட்டுப் போட்டாரா, மாற்றிப் போட்டாரா, போடவே இல்லையா என்று பார்க்க வேண்டியதே இல்லை. விலக்குரிமை கேட்கும் உறுப்பினர் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்: தான் செய்தது சபையின் கூட்டுச் செயல்பாட்டோடு சேர்ந்தது என்பது ஒன்று, உறுப்பினராகத் தன் கடமையைச் செய்ய அது அவசியமாக இருந்தது என்பது இன்னொன்று. பணம் வாங்குவது எந்தச் சபைக்கும் அவசியமில்லை. விலக்குரிமை போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சுக்கும் ஓட்டுக்கும் அது பழையபடியே இருக்கிறது, மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. போடும் ஓட்டுக்கும் உண்டு. லஞ்சத்துக்குத்தான் இல்லை.

அந்த மாதமே சீதா சோரன் மாமனார் கட்சியை விட்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார், மக்களவைத் தேர்தலில் தும்காவில் நின்று தோற்றார். இந்தத் தீர்ப்பு அவர் பணம் வாங்கினார் என்று சொல்லவில்லை, விசாரணையிலிருந்து தப்ப முடியாது என்று மட்டும் சொன்னது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள்

நீலகிரியில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது 2ஜி-யைக் கொண்டுவராமல் இருக்கமாட்டார்கள், 2009-ல் இங்கிருந்து எம்.பி. ஆன ஆ. ராசா சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால். அதற்கும் 105-வது பிரிவுக்கும் தொடர்பு கிடையாது. அது ஓர் அமைச்சர் தன் துறையில் எடுத்த முடிவுகள் பற்றிய வழக்கு, சபையில் போட்ட ஓட்டைப் பற்றியது இல்லை. விசாரணை முழுசாக நடந்து, 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. சிபிஐ-யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. மேலே சொன்ன மூன்று நிலைகளில் இது இரண்டாவது.

அடுத்தது, சபையே எடுக்கும் நடவடிக்கை. கோர்ட் தண்டிப்பது வேறு, சபை தன் உறுப்பினரை வெளியேற்றுவது வேறு, ஒன்று நடப்பதால் மற்றது நின்றுவிடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதை ரகசியக் கேமரா படம் பிடித்து டிவியில் வந்ததும், 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 2008 ஜூலையிலோ, மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை ஓட்டுக் கேட்ட அன்று, பா.ஜ.க. எம்.பி.க்கள் மூவர் தங்களை வாங்கப் பார்த்ததாகச் சொல்லி நோட்டுக் கட்டுகளை மக்களவை மேஜையிலேயே கொட்டினார்கள், நாடே நேரலையில் பார்த்தது.

ஓட்டுக்குக் காசு வாங்கும் நமக்கு?

தீர்ப்பு வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்கிறவர்கள் பாதிச் சிரிப்போடுதான் கேட்கிறார்கள். வாக்காளருக்கு எந்த விலக்குரிமையும் இல்லை. தேர்தலில் ஓட்டுக்காகப் பணமோ பொருளோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-இ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 173-வது பிரிவு, ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. சொன்னபடி ஓட்டுப் போட்டேன், மாற்றிப் போட்டேன் என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. ஒரே ஒரு சலுகை உண்டு: கொடுத்தது சாப்பாடு, குடி, கேளிக்கை வகையறாவாக மட்டும் இருந்தால் சிறை கிடையாது, அபராதம் மட்டும்தான்.